தூங்காத நெல்

ஆகஸ்ட் 4

அக்காவுக்குச் சின்னவள் எழுதுவது.

இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மாமியாரின் முழங்காலைத் தவிர. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். ஆராய்ச்சி நிலையத்து வாட்ச்மேனிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். என் மேல் கோபம் இல்லையே? அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். அவர்கள் அண்ணன் தம்பியாக இருந்ததைவிட நாம் அக்கா தங்கையாக இருந்ததுதான் அதிகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மூத்தார், அதான் உங்கள் வீட்டுக்காரர், வந்திருந்தார். ஜீப், இரண்டு உதவியாளர்கள், பின்னால் லாரியில் விதை மூட்டைகள். அவர் வெளியிட்ட புது ரகமாம். விதைத்த இரண்டாம் நாளே ஒன்றுவிடாமல் முளைக்குமாம். அறுத்த நெல்லை ஆறப்போட வேண்டாம், அடுத்த வாரமே விதைக்கலாமாம். ரோட்டோரம் இருக்கிற அவருடைய பங்கு வயலில்தான் செயல்விளக்கம். டிசம்பர் கடைசியில் துறைச் செயலாளரையே கூட்டிவந்து காட்டப்போகிறார். உழுவதும் நடுவதும் வழக்கம்போல் நாங்கள்.

இவர் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? விவசாயிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் தெருவையே கூட்டி, "எங்க அண்ணன் ரகம், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று சொல்லிவிட்டார். பதினோரு குடும்பம் மூட்டை வாங்கிப் போயிருக்கிறது.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. உங்கள் குளியலறையில் வரிசையாகக் கண்ணாடித் தட்டு வைத்து நெல் முளைக்கப் போட்டது நீங்கள்தானே? குளிக்க இடமில்லாமல் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருக்கிறேனே. அந்த நெல்தானா இது? மூத்தார் உங்கள் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நெல்தான் என்றால் நம்பிப் போடலாமா? ஏதாவது குறை உண்டா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சின்னவள்

*

ஆகஸ்ட் 21

சின்னவளுக்கு,

உன் மேல் எனக்கு என்ன கோபம்? கடிதத்தைப் பார்த்ததும் உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது. என் உடம்பு பரவாயில்லை. அச்சகத்துக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே இயந்திரம் ஓடும்போது மேசைமேல் இருக்கும் டம்ளர் தானாக நகர்கிறது. பேச்சுத் துணைக்கு அதுதான். விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை. யார் யாரோ அனுப்பும் விதைகளைத் தாளில் பரப்பி, எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஏழு வருடம் மரபணு பார்த்தவள் இப்போது முளை எண்ணுகிறேன்.

நீ கேட்டது குளியலறை நெல்தான். நன்றாக முளைக்கும். நாற்றங்காலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள். அடியுரத்தை வாரி இறைக்காதே. தூர் தானாகவே கட்டும்.

உங்கள் பக்கம் டிசம்பரில் மழை உண்டா? அறுவடை எந்த வாரம் வரும்?

கொழுந்தனாரைக் கேட்டதாகச் சொல். மாமியாரின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, வலி கூடிவிடும்.

பெரியவள்

*

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், நீங்கள் சொன்னதாகச் சொல்லவில்லை, வலி குறைந்திருக்கிறது. நாங்கள் நலம். உங்கள் டம்ளரும் நலமாக இருக்கட்டும்.

நாற்று விட்டாயிற்று. அக்கா, இப்படி ஒரு முளைப்பை நான் பார்த்ததில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. "விதையா இது, வெறி பிடிச்ச மாதிரி முளைக்குது" என்று இவர் சிரிக்கிறார்.

இரண்டு பேர் எங்களுக்கு முன்னாலேயே நட்டுவிட்டார்கள். ஒருவர் கடைமடைக்காரர்; வாய்க்கால் தண்ணீர் அவருக்குக் கடைசியில்தான் வரும், அதனால் எதையும் முதலில் செய்துவிடுவார். இன்னொருவர் தையல்காரம்மா. அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மெஷினை மிதித்த நேரம் போக மிச்ச நேரத்தில் வயலில் நிற்கிறார். உங்கள் ரவிக்கைகளைத் தைத்துக் கொடுத்தவர்தான். "உங்க பெரியவங்க கண்டுபிடிச்சதுன்னா தைரியமாப் போடலாம்" என்றார். யாரைப் பெரியவங்க என்றாரோ, நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் மழை சொன்ன பேச்சுக் கேட்காது. போன வருடம் வந்தது, அதற்கு முந்தின வருடம் வரவில்லை. எங்கள் அறுவடை டிசம்பர் கடைசி. முன்னால் நட்ட அந்த இருவருக்கும் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஏன் கேட்டீர்கள்?

குறை உண்டா என்று நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

சின்னவள்

*

செப்டம்பர் 30

சின்னவளுக்கு,

நாற்று நன்றாக வந்தது கேட்டுச் சந்தோஷம். எனக்கு லேசாகச் சளி. அச்சு மை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. வேறொன்றுமில்லை.

நான் ஏன் வெளியே வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்காகவே சொல்கிறேன்.

நெல்மணிக்குள் ஒரு ஹார்மோன் உண்டு. விதையைத் தூங்க வைப்பது அதன் வேலை. அந்த ஹார்மோனை உடைத்துப்போடுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. நொதியைச் செய்யச் சொல்லி உத்தரவு போடுவது ஒரு மரபணு. சாதாரண நெல்லில் கதிர் முற்றும் காலத்தில் அந்த மரபணு வாயைத் திறக்காது, விதை தூங்கும். நான் கண்டெடுத்த செடியில் அது வாயை மூடுவதே இல்லை. அதற்கு வாயாடி என்று செல்லப்பெயர் வைத்திருந்தேன், உன்னை நினைத்துத்தான். ஹார்மோன் சேரச் சேர நொதி உடைத்துவிடுகிறது, விதைக்குத் தூக்கமே இல்லை. அதனால்தான் அந்த முளைப்பு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடம். அவருக்கு ஒரு சாயங்காலம். என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். கேட்டதற்கு, "உனக்கு நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட் எடு" என்றார். அதையே எழுத்தில் கொடுத்து என்னை ஆய்வகத்திலிருந்து மாற்றவும் செய்தார். ரகம் வெளியிட்ட விழாவில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்து, "என் மனைவிக்கு நன்றி. ராத்திரியெல்லாம் கண் விழிச்சு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாங்க" என்று மைக்கில் சொன்னார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன், சின்னவளே. இந்த இரண்டு கையாலும் தட்டினேன்.

அவர் விழ வேண்டும். மூலையில் இல்லை, மேடையில். அதே ஆட்கள் பார்க்க. அதற்காகத்தான் மூன்று வேளை சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

கதிர் எப்போது வெளிவரும்? வானம் எப்படி இருக்கிறது?

பெரியவள்

*

அக்டோபர் 22

அக்காவுக்கு,

சளி எப்படி? ஆவி பிடித்தீர்களா? நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு மூத்தாரின் பழைய சட்டையை எடுத்துத் தரை துடைத்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் பிரசவத்தின்போது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு நாள் நகராமல் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்களைப் பைத்தியம் என்று எழுதிக்கொடுத்த கை விளங்குமா?

பயிர் இடுப்பளவு நிற்கிறது. முன்னால் நட்டவர்களுக்குக் கதிர் வந்துவிட்டது. எல்லோர் முகத்திலும் ஒரு தெம்பு.

அக்கா, நான் பத்தாவது தாண்டாதவள்தான். ஆனால் எழுதினதைப் படிக்கத் தெரியும். இரண்டு கடிதத்திலும் மழையைக் கேட்டிருக்கிறீர்கள். மாமியாரின் முழங்காலைவிட மழையின் நலத்தை அதிகம் விசாரிக்கிறீர்கள். மழை பெய்தால் இந்த நெல்லுக்கு என்ன ஆகும்? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள்.

சின்னவள்

*

நவம்பர் 15

அக்காவுக்கு,

பதில் இல்லையே. உடம்பு சரியில்லையா? படுத்துவிட்டீர்களா என்று பயமாக இருக்கிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். இரண்டு வரி போதும்.

சின்னவள்

*

நவம்பர் 28

சின்னவளுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் வயலில் தண்ணீரை இப்போதே வடித்துவிடு. அவர் சொல்லும் தேதிக்குக் காத்திருக்காதே. கதிரின் நுனிப் பாதி பழுத்ததும் அறுத்துவிடு, அன்றைக்கே அடித்துக் காயவை. ஏன் என்று கேட்காதே. மற்றவர்களிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் அவர் காதுக்குப் போகும். உன் வீட்டு வயலை மட்டும் பார்த்துக்கொள்.

பெரியவள்

*

டிசம்பர் 7

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நாங்கள் மட்டும் நலம்.

உங்கள் கடிதமும் மழையும் ஒரே வாரத்தில் வந்தன. மழை முந்திக்கொண்டது. மூன்று நாள் விடாத தூறல். எங்கள் கதிர் இன்னும் பால் கட்டும் பருவத்தில் இருந்ததால் தப்பியது. கடைமடைக்காரருக்கும் தையல்காரம்மாவுக்கும் அறுக்கிற பருவம்.

மழை விட்டதும் தையல்காரம்மா கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கதிர் சாயவில்லை அக்கா, நின்றுகொண்டுதான் இருந்தது. நின்ற கதிரில் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வேர், பச்சை முளை. வயலே தலைமுடி விரித்துப்போட்ட மாதிரி இருந்தது. அந்தம்மா ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, "விதைக்காமலேயே முளைச்சிருக்கே, இது நல்லதா கெட்டதா?" என்று என்னைக் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆலைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாட்டுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கடைமடைக்காரர் ஏரைப் பூட்டி உழுதுவிட்டார்.

இவர் அண்ணனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"தண்ணியை வடிக்காம விட்டிருப்பாங்க. சோம்பேறிங்க. நீ பயப்படாதே."

"அண்ணே, மத்தவங்களை இப்பவே அறுக்கச் சொல்லட்டுமா?"

"அறுத்துட்டுச் செயலாளருக்கு என்னத்தைக் காட்டுறது, உன் மூஞ்சியையா? இருபத்தாறாம் தேதி வரைக்கும் ஒரு கதிர் குறையக்கூடாது. யார் உனக்கு இப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது? அவளா? அவளுக்கு ஒரு ரோஜாச் செடி வளர்க்கத் தெரியாதுடா."

போனை வைத்துவிட்டு இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். என் வீட்டு வயலை மட்டும் என்று எழுதினீர்களே, அப்போது தையல்காரம்மாவின் முகம் உங்கள் கண்ணுக்கு வந்ததா இல்லையா? இன்னும் ஒன்பது குடும்பத்துப் பயிர் நிற்கிறது. இனியாவது முழுசாகச் சொல்லுங்கள்.

சின்னவள்

*

டிசம்பர் 12

சின்னவளுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை.

தூக்கமில்லாத விதைக்குச் செடியில் இருக்கிறோமா மண்ணில் இருக்கிறோமா என்று தெரியாது. முற்றிய கதிர் இரண்டு நாள் நனைந்தால் மண்ணில் விழுந்ததாக எண்ணிக்கொண்டு முளைத்துவிடும். முளைக்கும்போது வேறு நொதிகள் கிளம்பி மணிக்குள் இருக்கும் மாவைக் கரைத்துவிடும். பிறகு அது சோற்றுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. வடிகாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தையல்காரம்மாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வெளியீட்டுக்கு முன்பே எனக்கு இது தெரியும். அவரிடம் ஒருமுறை சமையலறையில் வைத்துச் சொன்னேன். "மழையில யாரு அறுக்கப்போறா?" என்று டம்ளரை நீட்டினார். அத்தோடு விட்டேன். வெளியீட்டுக் குழுவில் நான்கு பேர் இருந்தார்கள், நல்லவர்கள்தான். ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர்கள் திருத்தச் சொல்லியிருப்பார்கள், அவர் என்னைக் கொண்டே திருத்தி, அதையும் தன் பெயரில் போட்டுக்கொண்டு இன்னும் உயரப் போயிருப்பார். போகட்டும், நடுவானத்தில் அறுந்து விழட்டும் என்று விட்டேன். கீழே யார் தலை இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இனி செய்ய வேண்டியது. நுனிப் பாதி பழுத்ததும் ஒன்பது வீட்டுப் பயிரையும் அறுத்துவிடுங்கள். எடை கொஞ்சம் குறையும், போனால் போகட்டும். அன்றைக்கே அடித்து, வெயிலில் காயவைத்து, ஆலைக்கு அரவைக்குப் போட்டுவிடுங்கள். விதைக்கென்று ஒரு படிகூட எடுத்துவைக்காதீர்கள்.

ரோட்டோர வயலை மட்டும் தொடாதே. அது அவருடைய பங்கு. அவர் சொன்ன தேதிவரைக்கும் நிற்கட்டும்.

மழை மறுபடி வரும் என்று நம்பி உட்கார முடியாது. இரண்டு தகரப் பெட்டி எடு. விழாவுக்கு ஐந்தாறு நாள் முன்னால் அவர் வயலிலிருந்து முற்றின கதிர் இருபது பறித்து, ஈரத் துணியில் சுற்றி ஒன்றில் வை. பழைய ரகம் போட்டவர் யாராவது இருப்பார்கள். அதிலும் இருபது பறித்து அதேபோல் மற்றதில் வை. காலையும் மாலையும் இரண்டு துணிக்கும் தண்ணீர் தெளி. இரண்டு பெட்டியும் இருந்தால் அவரால் வாயடிக்க முடியாது. எல்லோர் முன்னாலும் திற. அந்தச் செயலாளர் அம்மாள் அன்றைய வெளியீட்டு விழாவிலும் இருந்தவர். நான் கைதட்டியதைப் பார்த்தவர்.

பெரியவள்

*

டிசம்பர் 28

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பது வீடும் அறுத்தாயிற்று. இவர்தான் வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கேட்டார். "உங்க அண்ணன் சொன்னாருன்னு போட்டோம், இப்ப நீ சொல்றேன்னு அறுக்கணுமா?" என்று எல்லாரும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அறுத்தார்கள். பழைய ரகக் கதிரைத் தபால்காரர் கொடுத்தார். புது ரகம் வாங்காத ஒரே ஆள் அவர்தான், மூட்டை தீர்ந்த பிறகு வந்ததால்.

இருபத்தாறாம் தேதி வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு துளி மேகம் இல்லை. ரோட்டோரம் பந்தல், நாற்காலி, மைக். மூத்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார். சுற்றிலும் அறுத்த தாள்தான் நின்றது. நடுவில் அவர் வயல் மட்டும் தங்கமாக. இவரைத் தனியாக இழுத்துப் போய், "யாரைக் கேட்டு அறுத்தே?" என்று பல்லைக் கடித்தார். இவர் முதல்முறையாக, "யாரையும் கேட்கலண்ணே" என்றார்.

மைக்கைப் பிடித்ததும் மூத்தார் அதையே தனக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டார். "பொறாமைக்காரங்க வதந்தியைக் கேட்டு இவங்க பயந்து அறுத்துட்டாங்க. அறுக்காத வயலைப் பாருங்க!" என்றார். கைதட்டல். செயலாளர் அம்மா எழுந்து வயலைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போதுதான் நான் பெட்டி இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். உதவியாளர் ஒருவர் குறுக்கே வந்தார். "வழி விடுப்பா, வீட்டு மனுஷி" என்றேன். விட்டுவிட்டார்.

முதல் பெட்டியைச் செயலாளர் அம்மாவின் மேசைமேல் வைத்துத் துணியைப் பிரித்தேன். மல்லாந்து படுத்த பூச்சி கால் உதறுகிற மாதிரி முளை. அந்தம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன இது?"

"இந்த வயல் கதிர்தாம்மா. அஞ்சு நாள் ஈரத்துணியில இருந்தது. மழை பெய்ஞ்சா செடியிலேயே இப்படி ஆகும். ரெண்டு குடும்பத்துக்கு ஆயிடுச்சு."

மூத்தார் சிரித்தார். "ஈரத்துல வெச்சா எந்த நெல்லும் முளைக்கும் மேடம். படிக்காத பொண்ணு."

இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். "இது பழைய ரகம். அதே துணி, அதே தண்ணி, அதே அஞ்சு நாள்." இருபது கதிரும் வைத்த மாதிரியே கிடந்தன. மூன்று நெல்மணியோ நான்கோ லேசாக வாய் பிளந்திருந்தது, அவ்வளவுதான்.

தையல்காரம்மா எழுந்து வந்து மேசைக்கு எதிரில் நின்றார். முளைத்த கதிர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், இது உங்களுக்குத் தெரியுமா?"

"இது குடும்பச் சண்டை மேடம். என் சம்சாரம் தூண்டிவிட்டது."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு, தேநீர் போட்டுக் கொடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மூத்தாரின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. "இந்த ரகத்தைக் கண்டுபிடிச்சதே அவங்கதாம்மா. எங்க வீட்டுக் குளியலறைக்கே தெரியும்" என்றேன். மைக் என் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

அன்றைக்கே விதை விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள். ஜீப் அவரை ஏற்றாமலே போனது. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து போனார்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது.

சின்னவள்

*

ஜனவரி 11

என் கண்ணே சின்னவளே,

நீயும் கொழுந்தனாரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். எனக்கென்ன குறை! சளி, மை வாசனை எல்லாம் போன இடம் தெரியவில்லை. உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. "அவங்களா?" என்ற இடம் வரும்போதெல்லாம் சிரிப்பு. சத்தம் கேட்டு அச்சகத்துக்காரர் மாடிக்கே வந்துவிட்டார், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. பஸ் நிறுத்தம் வரை நடந்தாரா? வெயிலா அப்போது? செருப்பு எது போட்டிருந்தார்? எல்லாம் எழுது, ஒன்றையும் விடாதே.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அவரைப் பணியிடை நீக்கம் செய்தாயிற்று. என்னை அழைத்து மூன்று மணி நேரம் கேட்டார்கள். மரபணுவின் ஒவ்வோர் எழுத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவரை எழுதச் சொன்னபோது பாதியில் நின்றுவிட்டாராம். ரகத்தை மறுபடி தூங்கவைக்கும் வேலையை என்னிடமே தரப்போகிறார்கள். என் பழைய ஆய்வகம், என் பெயரில்.

ஒன்றுதான் பாக்கி. இந்தக் குறை எனக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே மறைத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நிலைத்தால் நானும் அவரும் ஒரே தட்டில். அவருக்குத் தண்டனை பாதியாகிவிடும், எனக்கு ஆய்வகம் கிடையாது. குழு உங்கள் ஊருக்கு வரும். உன்னையும் கேட்பார்கள், நான் எப்போது உனக்கு என்ன எழுதினேன் என்று. நான் உனக்கு எதுவும் சொல்லித்தரப் போவதில்லை. நீ புத்திசாலி.

தையல்காரம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

குழு வந்து போயிற்று. சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு, தெருவே வாசலில் நிற்க, என்னைக் கூப்பிட்டார்கள்.

"உங்க ஓரகத்தி இந்தக் குறையைப் பத்தி உங்களுக்கு எப்ப சொன்னாங்க?"

"ஆகஸ்ட்லயே எழுதிட்டாங்க. விதைக்கிறதுக்கு முன்னாடியே. போடாதே, ஊருக்கும் சொல்லுன்னு எழுதினாங்க."

"அப்புறம் ஏன் யாருக்கும் சொல்லல?"

"மூத்தாருக்குப் பயந்து சொல்லலீங்க. என் தப்புதான்."

"அந்தக் கடிதம் எங்கே?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அது மட்டும் உண்மை. நீங்கள் எழுதினது எல்லாவற்றையும் அன்று காலையில்தான் போட்டேன். வெந்நீர் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதவைச் சாத்திவிட்டு, "ஏன் இப்படிச் சொன்னே?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டாமல் நான் இருந்ததில்லை. "உங்க அண்ணன் தப்பிச்சிடக் கூடாதுல்ல?" என்றேன். அவர் எழுந்து போய்ச் சங்கத் தலைவர் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

ஆகவே மூத்தாருக்கு முழுத் தண்டனை உண்டு. உங்களுக்கு ஆய்வகம் உண்டு. நாங்கள் விஷயம் தெரிந்தும் ஊரை விதைக்க விட்டவர்கள். கடைமடைக்காரர் எங்கள் வாய்க்கால் பக்கம் பார்த்துத் துப்பிவிட்டுப் போகிறார். குழாயடியில் நான் போனால் குடங்கள் நகர்ந்துகொள்கின்றன. தபால்காரர் மட்டும் பேசுகிறார், அதுவும் தபால் இருந்தால். இனி இருக்காது. நீங்கள் எழுத வேண்டாம். வந்தால் வாங்க மாட்டேன்.

இதை உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்டில் நான் ஒரு வரி கேட்டேன். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருந்தால் எப்படி இருந்திருப்பீர்களோ, அப்படி ஓர் ஆளை மேசை முன்னால் உட்கார்ந்து செய்துகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊர் முழுக்க அந்த ஆளை நல்லவர் என்கிறது. நீங்கள் அந்த ஆள் இல்லை என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். இவர் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். மூன்றாவது ஆள் நீங்கள். அந்தப் பெயரோடு ஆய்வகத்துக்குப் போங்கள், அந்தப் பெயரோடு சாப்பிடுங்கள்.

நேற்று தையல்காரம்மா வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. அவர் வீட்டில் இப்போது மெஷின் இல்லை. வேறு யாருக்கோ கைமாறிவிட்டது. "உங்க பெரியவங்க முன்னாடியே எச்சரிச்சாங்களாமே. நீதான் மறைச்சிட்டே. உன்கிட்ட எனக்கு ஒரு பேச்சும் இல்ல. அந்த அம்மாவுக்கு மட்டும் நான் நன்றி சொன்னேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

சின்னவள்